பழைய கார் வாங்குமுன்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி வேலை ஒருபக்கம் இருக்க, வண்டி பார்க்கக் கூட வரச்சொல்லி அம்பையிலிருந்தும் வள்ளியூரிலிருந்தும் திசையன்விளையிலிருந்தும் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். "ஒரு வண்டி பார்த்து வச்சிருக்கேன், நீங்க ஒரு கண்ணு பார்த்துச் சொன்னா போதும்" என்பார்கள். போகிற வழியில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். அவர்கள் கேட்டபடியே கீழே எழுதியிருக்கிறேன். நான் வண்டி வாங்கி விற்கிறவன் இல்லை. அதனால் யாருக்கும் சாதகமாகச் சொல்ல வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை.

அண்ணாச்சி, முதல்ல பார்க்க வேண்டியது வருசமா, கிலோமீட்டரா?

இரண்டுக்கும் முன்னால் சர்வீஸ் ரெக்கார்டு. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை தவறாமல் ஆயில் மாற்றி 90,000 ஓடிய வண்டியை நான் தைரியமாக எடுக்கச் சொல்வேன். 40,000தான் ஓடியிருக்கிறது, ஆனால் மூன்று வருடமாக ஆயில் மாற்றிய சீட்டு ஒன்றுகூட இல்லை என்றால் யோசிப்பேன். "இந்த மாடல் கெட்டி, என்ன செஞ்சாலும் தாங்கும்" என்ற பேச்சு பாதிதான் உண்மை. ஒரே மாதம் ஷோரூமிலிருந்து இறங்கிய இரண்டு ஸ்விஃப்டில் ஒன்று இன்னும் சுகமாக ஓடும், இன்னொன்று ஆயில் குடிக்கும். வித்தியாசம் வைத்திருந்த ஆளில்.

வருடத்தை வேறு காரணங்களுக்காகப் பார்க்க வேண்டும். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. 15 வருடம் செல்லும், பிறகு எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 13 வருட வண்டியை எடுத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில். அடுத்தது பாதுகாப்பு. 2019 ஏப்ரலிலிருந்து புதுக் கார்களில் ஏ.பி.எஸ். (திடீரென மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத) பிரேக் கட்டாயம், அதே வருடம் ஜூலையிலிருந்து டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கு எல்லா மாடலிலும் ஏர்பேக் கட்டாயமானது 2021 கடைசியில்தான். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் ஓடப்போகிறவர்கள் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தாவது 2019க்குப் பிந்தைய வண்டியைத் தேடுவது நல்லது.

எனக்கு வண்டியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. மெக்கானிக்கைக் கூப்பிடதுக்கு முன்னால நானா என்ன பார்க்கலாம்?

நிறையப் பார்க்கலாம். காலையில் போங்கள், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எந்த வண்டியும் பளபளப்பாகத்தான் இருக்கும். வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு, "நான் வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓடவிட்டு வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜின் எழும்புவதில்தான் பேட்டரி, இன்ஜெக்டர், டைமிங் செயின் எல்லாவற்றின் குறையும் வெளியே வரும். ஸ்டார்ட் ஆன முதல் சில நொடிகளில் கரகரவென்று சத்தம் வந்து பிறகு அடங்கினால் அதைக் குறித்து வைத்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

வண்டி நின்ற இடத்துத் தரையைப் பாருங்கள், ஆயில் சொட்டியிருக்கிறதா என்று. சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து, இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம், பல்பையோ வயரையோ கழற்றியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆம் வாரம் செய்த டயர். டயரின் மேல்பக்கப் பூ (வரிப்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடமான டயரை மாற்றத்தான் வேண்டும். ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு நாலு டயர் என்றால் 15,000 ரூபாய்க்கு மேல் போகும். ஸ்டெப்னியையும் பாருங்கள்.

ஆர்.சி. புக்கைக் கையில குடுத்தாங்க. அதுல என்ன பார்க்க?

முதலில் சேஸிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று. பிறகு எத்தனையாவது ஓனர், செய்த மாதம், பதிவான தேதி, நிறம், எரிபொருள். 2018 டிசம்பரில் செய்து 2019 மார்ச்சில் பதிவான வண்டியை "2019 மாடல்" என்றுதான் விற்பார்கள். விலை பேசும்போது நீங்கள் 2018 என்று பேசுங்கள். ஹெச்.பி. (வண்டி மேல் கடன்) என்று ஏதாவது பேங்க் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35உம் கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

காகிதத்தோடு நிறுத்தாமல் எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்பதெல்லாம் வரும். இ-சலான் பக்கத்தில் அபராதப் பாக்கியும் தெரியும். ஒரிஜினல் ஆர்.சி.யைக் காட்டாமல் ஜெராக்ஸை நீட்டுகிறவரிடம் காரணம் கேளுங்கள். பல நேரம் ஒரிஜினல் ஏதாவது ஃபைனான்ஸில் இருக்கும்.

"சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி"ன்னு சொல்லுதாவ. நம்பலாமா?

டாக்டர் வண்டி, வாத்தியார் வண்டி, லேடீஸ் ஓட்டின வண்டி... நெல்லையில் விற்கிற வண்டியில் பாதி இவர்கள் ஓட்டியதாகத்தான் சொல்வார்கள். சிங்கிள் ஓனர் என்பதை ஆர்.சி.யில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் பெயர் மாற்றாமலே இரண்டு கை மாறிய வண்டிகளும் உண்டு. ஆர்.சி.யில் உள்ள ஓனரை நேரில் பார்க்கவோ, போனிலாவது பேசவோ வேண்டும் என்று கேளுங்கள். "ஏன் விக்கிறீங்க, கடைசியா என்ன வேலை பார்த்தீங்க, எந்தப் பட்டறையில விடுவீங்க?" என்ற மூன்று கேள்வி போதும். உண்மையில் வைத்து ஓட்டியவர் யோசிக்காமல் பதில் சொல்வார்.

மீட்டரைத் திருப்பி வச்சிருக்காங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

டிஜிட்டல் மீட்டர் வந்ததால் திருப்ப முடியாது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேப்டாப்பை மாட்டி மாற்றிவிடுகிறார்கள், ஸ்க்ரூ கழற்றிய தடம்கூட இருக்காது. நம்பகமான வழி, வண்டி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸ் சென்டரில் விவரம் கேட்பது. ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டரைப் பதிந்திருப்பார்கள். ஓனர் கேட்டால்தான் தருவோம் என்பார்கள்; அதனால் விற்கிறவரையே கேட்டு வாங்கித்தரச் சொல்லுங்கள். 2022ல் 78,000 என்று பதிந்த வண்டி இப்போது 55,000 காட்டினால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ரெக்கார்டு இல்லாத வண்டியில் கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர், ஸ்டீயரிங்கின் தோல், டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம், கியர் குமிழ் இவற்றைப் பாருங்கள். 35,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் மொழுமொழுவென்று தேய்ந்திருக்காது. சீட் கவரும் ஸ்டீயரிங் கவரும் புத்தம் புதிதாக இருந்தால் அதைத் தூக்கிக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆயில் மாற்றும்போது கதவு ஓரத்திலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டும் ஸ்டிக்கரைக் கிழிக்க மறந்துவிடுவார்கள், அதில் உண்மை எழுதியிருக்கும்.

அஞ்சு வருசத்துல 12,000தான் ஓடிருக்கு, ஓனர் துபாய்ல இருக்காவ. தூக்கிரலாமா?

மீட்டர் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். நின்றே கிடந்த வண்டிக்கு வேறு மாதிரி வியாதி வரும். பேட்டரி போயிருக்கும், ஒரே இடத்தில் நின்ற டயர் தட்டையாகி ஓட்டும்போது துடிக்கும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியும், டேங்கில் பழைய பெட்ரோல் கிடக்கும். எல்லாவற்றையும்விட எலி. ஷெட்டில் நிற்கும் காரின் வயரை எலி கடிப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். டேஷ்போர்டுக்குள் போகும் வயரிங் முழுக்க மாற்றுவது பெரிய செலவு. பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை, கடித்த பஞ்சு, டேப் சுற்றிய வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வீட்டிலுள்ளவர்கள் வாரம் ஒருமுறை எடுத்து வங்கிக்கும் கோயிலுக்கும் ஓட்டினார்கள், வருடம் தவறாமல் ஆயில் மாற்றினார்கள் என்றால் நல்ல வண்டிதான். ஆயில் கிலோமீட்டர் கணக்கில் மட்டுமல்ல, வருடக் கணக்கிலும் மாற்ற வேண்டியது.

ஓட்டிப் பார்க்கச் சொல்லுதாங்க. எங்க, எப்படி ஓட்ட?

தெருவை ஒரு சுற்று சுற்றி வருவது ஓட்டிப் பார்ப்பதாகாது. அரைமணி நேரமாவது வேண்டும், மூன்று விதமான சாலையும் வேண்டும். கே.டி.சி. நகர் பக்கம் நான்கு வழிச்சாலையில் ஏறி நாங்குநேரி திசையில் 80, 90ல் போங்கள். ஸ்டீயரிங் துடிக்கிறதா, கையை லேசாகத் தளர்த்தினால் ஒருபக்கம் இழுக்கிறதா என்று தெரியும். பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக்கை அழுத்திப் பாருங்கள், நேராக நிற்க வேண்டும். பிறகு வேகத்தடையும் குழியும் நிறைந்த ஊர்ச்சாலை ஒன்றில் ஏ.சி.யையும் ரேடியோவையும் அணைத்து, கண்ணாடியை இறக்கி மெதுவாக ஓட்டுங்கள். டக் டக் என்று கேட்டால் சஸ்பென்ஷன் புஷ், லிங்க் ராடு, பால் ஜாயின்ட் இவற்றில் ஒன்று. இவை பெரிய செலவில்லை, ஆனால் விலையில் கழிக்க வேண்டியவை.

கடைசியாக உச்சி வெயிலில் முருகன்குறிச்சி மாதிரி நெரிசலான இடத்தில் ஏ.சி. போட்டு நிற்க வேண்டும். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது வெறும் காற்று வந்தால் கண்டென்சர், ஃபேன் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். டெம்பரேச்சர் முள் நடுவிலிருந்து மேலே நகரவே கூடாது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் மாதிரி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். இன்ஜின் சத்தம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. நிறுத்திவைத்தும் சோதிக்கலாம்: ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்து, மூன்றாவது கியரில் கிளட்சை விட்டால் இன்ஜின் உடனே அணைய வேண்டும்.

புகை தள்ளுது, ஆனா "காலையில அப்படித்தான் இருக்கும்"னு சொல்லுதாங்க. சரியா?

நிறத்தைப் பொறுத்தது. மார்கழிக் காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையாக நீராவி வருவது இயல்பு. சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால், கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. டீசலில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் லேசாகக் கருப்பு வருவது பழைய வண்டிகளில் உண்டு. சாலையே மறைகிற அளவுக்கு வந்தால் இன்ஜெக்டரோ டர்போவோ.

இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து புஸ்ஸென்று வேகமாகப் புகை அடிப்பதை எங்கள் பட்டறைப் பாஷையில் பேக் கம்ப்ரஷன் என்போம். பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். மூடியின் அடியில் மோர் மாதிரி வெளிறிய பசை இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் விலை பேசாமல் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

ஆக்சிடென்ட் ஆன வண்டியான்னு எப்படித் தெரியும்? எல்லாரும் "சின்ன ஸ்கிராட்ச்தான்"ங்காங்க.

கதவிலும் பம்பரிலும் டிங்கரிங், பெயின்டிங் செய்திருந்தால் கவலை வேண்டாம். நம்மூர்த் தெருக்களில் ஓடி ஒரு கீறலும் இல்லாத வண்டி ஏது? பார்க்க வேண்டியது எலும்புக்கூட்டை. பானெட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் உரிந்திருந்தால் பானெட்டைக் கழற்றியிருக்கிறார்கள். உள்ளே இரண்டு பக்கமும் ஏப்ரான் என்ற தகடு, முன்னால் ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டம், பின்னால் டிக்கித் தரை இவற்றில் கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்ட வட்டமாக ஒரே சீராக இருக்கும். அது இல்லாமல் பட்டி பூசி வழவழப்பாக இருந்தாலோ, கை வெல்டிங் தெரிந்தாலோ பலத்த அடி. கதவோரத்து ரப்பர் பீடிங்கை இழுத்துவிட்டுத் தூணிலும் இதே மாதிரி பார்க்கலாம். எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனி முத்திரையும் ஏறக்குறைய ஒரே வருடமும் இருக்கும். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அந்தப் பக்கம் அடி வாங்கியதா என்று கூர்ந்து பாருங்கள்.

பலருக்குத் தெரியாத வழி ஒன்று இன்சூரன்ஸ் பாலிசியில் இருக்கிறது. கிளெய்ம் எடுக்காமல் ஓட்டினால் நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறும். ஆறு வருட வண்டி, ஒரே ஓனர், ஆனால் பாலிசியில் போனஸ் பூஜ்யம் என்றால் போன வருடம் ஏதோ கிளெய்ம் எடுத்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள், பில்லைக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: இந்த போனஸ் ஆளுக்குச் சேர்ந்தது, வண்டியோடு உங்களுக்கு வராது.

2023 வெள்ளத்துல மாட்டின வண்டியா இருக்குமோன்னு பயமா இருக்கு. எப்படிப் பார்க்க?

பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கமெல்லாம் ஏறியது. கீழே ஸ்ரீவைகுண்டம், ஏரல், தூத்துக்குடி பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதே மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலில் சென்னையும் மூழ்கியது. அதனால் "இது மெட்ராஸ் வண்டி, நம்மூர் வெள்ளத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்ற சமாதானம் செல்லாது.

வெள்ளத்தில் நின்ற காரை ஸ்டார்ட் செய்திருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குள் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண முழு இன்சூரன்ஸில் இந்தச் சேதம் பெரும்பாலும் சேராது, இன்ஜினுக்கென்று தனியாகக் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். எடுக்காதவர்கள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். எடுத்தவர்கள் வண்டியிலும், ரிப்பேர் செலவு பாலிசியில் வண்டிக்குப் போட்ட மதிப்பான ஐ.டி.வி. தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கம்பெனி முழுச் சேதம் என்று கணக்கை முடித்துவிடும். அப்படிக் கழிந்த வண்டிகளை ஏலத்தில் எடுத்து, தேய்த்துக் கழுவி, சீட் துணி மாற்றி வெளியே விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கழுவுகிறவன் கை எட்டாத இடங்களைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, வழக்கமாக உள்ளே சுருண்டு கிடக்கும் பகுதியில் வண்டல் கறை இருக்கிறதா என்று. சீட்டுக்கு அடியில் தண்டவாளமும் ஸ்பிரிங்கும் துருப்பிடித்திருக்கிறதா. டிக்கியில் ஸ்டெப்னிக் குழியைத் துடைத்தால் வெள்ளைத் துணியில் சாம்பல்நிற மண் வருகிறதா. கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியிலிருக்கும் நுரைப் பஞ்சை மோந்து பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸில் வயர் முனைகள் பச்சை பூத்திருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. போட்டதும் மூடிவைத்த கிணற்று நாற்றம் வந்தால் எவ்வளவு வாசனை டப்பா வைத்தாலும் மறையாது. வெள்ள வண்டியில் மோசமானது இன்ஜின் இல்லை. அதைப் பிரித்துக் கட்டிவிடலாம். வயரிங்தான். மாதங்கள் கழித்து ஒரு நாள் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், அடுத்து கதவு பூட்டாது, அப்புறம் ஏர்பேக். இன்ன இடம் என்று சொல்ல முடியாமல் நாங்கள் தேடிக்கொண்டே இருப்போம், கூலி உங்களுக்கு ஏறிக்கொண்டே இருக்கும். இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், வெள்ளம் பார்த்த வண்டியைப் பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள் என்பதுதான்.

உவரிக்காரங்க வண்டி ஒண்ணு வருது. கடக்கரை வண்டி துருப்பிடிக்குமாமே?

உவரி, இடிந்தகரை, திருச்செந்தூர், மணப்பாடு எங்கும் உப்புக்காற்றுதான். ஆனால் ஒதுக்க வேண்டியதில்லை. லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். சைலன்சர் துரு பெரிய விஷயமில்லை. ஜாக்கி வைக்கும் இடம், கதவின் கீழ் ஓரம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடங்கள், பிரேக் குழாய் இவற்றை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் பொத்துக்கொள்ளக் கூடாது. அடியில் புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் எதை மறைக்க அடித்தது என்று சுரண்டிப் பாருங்கள்.

டீசலா பெட்ரோலா? பி.எஸ். 6 டீசல் தொல்லைங்காங்களே?

2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகள்தான் விற்பனை. அப்போதே மாருதி டீசலை விட்டது, 1.3 லிட்டர் டீசல் ஸ்விஃப்டுக்கும் டிசையருக்கும் இன்னும் இங்கே கிராக்கி இருப்பது அதனால்தான். பி.எஸ். 6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து தீரும். டவுனுக்கும் பாளைக்கும் மட்டும் ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். நாகர்கோவிலுக்கும் மதுரைக்கும் அடிக்கடி போய்வந்தவர் வண்டியில் தொல்லை குறைவு. முந்தைய ஓனர் எங்கே ஓட்டினார் என்று கேளுங்கள். உங்கள் ஓட்டம் மாதம் 1,000 கிலோமீட்டருக்குள் என்றால் பெட்ரோலே போதும் என்பது என் கட்சி.

சில டீசல்களில், உதாரணமாக 1.5 லிட்டர் டஸ்டரில், செயினுக்குப் பதில் டைமிங் பெல்ட். அதை மாற்றிய பில் இல்லாவிட்டால் வாங்கியதும் மாற்றிவிடுவது நல்லது. ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும்.

எத்தனால் பெட்ரோல் பழைய வண்டியைக் கெடுக்குதாமே?

20 சதவீத எத்தனாலைத் தாங்கும் பாகங்கள் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில்தான் கட்டாயமாக வந்தன. அதற்கு முந்தைய வண்டியில் மைலேஜ் கொஞ்சம் குறையும், எரிபொருள் போகும் ரப்பர் குழாயும் சீலும் சீக்கிரம் தளரலாம். வாங்கும்போது பெட்ரோல் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள். பத்து வருட வண்டியில் அந்தக் குழாய்களை மாற்றுவது சின்னச் செலவு.

ஃபோர்டு கம்பெனி போயிட்டானே, எக்கோஸ்போர்ட் விலை கம்மியா வருது. எடுக்கலாமா?

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக ஃபோர்டு சொன்னது; அதற்கு முன்பே 2017 கடைசியில் ஷெவர்லே விற்பனை நின்றது. கார் நல்ல கார். வாங்குமுன் கண்ணாடி, ஹெட்லைட், பம்பர் மாதிரி மோதலில் போகும் பாகங்கள் கிடைக்கிறதா, எத்தனை நாளாகும் என்று விசாரியுங்கள். ஆயில் ஃபில்டரும் பிரேக் பேடும் எங்கும் கிடைக்கும், அது கணக்கில் வராது. மறுபடி விற்கும்போது உங்களுக்கும் அதே கம்மி விலைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா?

ரெக்கார்டு இருந்தால் எடுக்கலாம். கியர் மாறும்போது உதறினாலோ, ஏற்றத்தில் பின்வாங்கினாலோ வேண்டாம்.

டி போர்டா ஓடி ஓன் போர்டா மாத்தின வண்டி, காத்தாடி கம்பெனிக்கு ஓடின பொலேரோ... இதெல்லாம் எடுக்கலாமா?

குற்றால சீசனும் சபரிமலை சீசனும் ஓடிய டி போர்டு (வாடகை) வண்டியில் கிலோமீட்டர் சொன்னதைவிடக் கூடத்தான் இருக்கும், மீட்டர் கேள்விக்குச் சொன்னதையெல்லாம் இங்கே இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். ஆனால் ஓனரே டிரைவராக இருந்து ஓட்டிய டாக்ஸி பல நேரம் வீட்டு வண்டியைவிட நன்றாக இருக்கும். அவருக்கு அது சோறு போடும் வண்டி. சம்பளத்துக்கு ஆள் மாற்றி ஆள் ஓட்டியதுதான் சீரழியும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலைக்கு ஓடிய வண்டிகள் கல்லிலும் புழுதியிலும் ஓடியவை. ஏர் ஃபில்டர், சஸ்பென்ஷன், சேஸிஸில் விரிசல் மூன்றையும் பாருங்கள். களக்காட்டுப் பக்கம் வாழைத்தார் ஏற்றிய ஆம்னி, ஈகோ வந்தால் பின்தரையும் பின்பக்க ஸ்பிரிங்கும்.

திருவனந்தபுரம் வண்டி, டெல்லி வண்டியெல்லாம் சீப்பா கிடைக்குதே?

வண்டி விலை மட்டும்தான் சீப். அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, நம் நம்பருக்கு மாற்ற வேண்டும். வெளிமாநில நம்பரிலேயே 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டச் சட்டம் இடம் தராது. அந்த வரியை முதலில் கணக்குப் போட்டுவிட்டு சீப்பா என்று சொல்லுங்கள். டெல்லியில் 10 வருட டீசலுக்கும் 15 வருட பெட்ரோலுக்கும் தடை வந்ததால் அங்கிருந்து வண்டிகள் தெற்கே வரத் தொடங்கின. கேரள வண்டியில் மழைத்துருவைப் பாருங்கள், உவரி வண்டிக்குச் சொன்ன மாதிரியே.

கன்சல்டிங்ல எடுக்கவா, தெரிஞ்சவங்ககிட்ட எடுக்கவா, ஆப்ல எடுக்கவா?

எங்கே எடுத்தாலும் சோதனை ஒன்றுதான். 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி விற்பவர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கன்சல்டிங்கில் (பழைய வண்டி வாங்கி விற்கும் கடையில்) அந்தச் சான்றைக் கேளுங்கள். ஆப் கம்பெனிகள் தரும் நீளமான ரிப்போர்ட்டில் பச்சை டிக் எத்தனை என்று எண்ணாமல், "பார்க்கவில்லை", "பொருந்தாது" என்று போட்டிருக்கும் வரிகளைத் தேடிப் படியுங்கள்.

மெக்கானிக்கும் கன்சல்டிங்காரரும் பேசிவைத்துக்கொள்வார்களோ என்றும் கேட்பார்கள். எங்கள் தொழிலில் அதுவும் உண்டு. விற்கிறவர் சொல்லும் பட்டறை வேண்டாம், உங்கள் வண்டியோ உங்கள் வீட்டு பைக்கோ போகும் பட்டறையிலிருந்து ஆளைக் கூப்பிடுங்கள், கூலியை நீங்களே கொடுங்கள். அல்லது அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் காசு கட்டி முழுச் செக்கப் போடுங்கள். அப்படியே ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டியைத் திரும்பக் கூப்பிடுவது) ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். 2021 செப்டம்பரில் மாருதி மட்டும் சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா முதலான 1,81,754 பெட்ரோல் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. போகாமல் விட்டவர்கள் இருக்கலாம்.

சொந்த மாமா வண்டி. செக் பண்ணணும்னு சொன்னா கோவிச்சுக்கிடுவாவ. என்ன செய்ய?

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான கேள்வி. "மாமா, எப்படியும் எடுத்ததும் சர்வீஸ் விடணும், பேர் மாத்ததுக்கு முன்னாலயே விட்டுருவோம், செலவு என்னோடது" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சர்வீஸில் என்ன வருகிறதோ அதை வைத்து விலை பேசலாம். பேச முடியாத உறவாக இருந்தால் அந்த வண்டியை எடுக்காமலிருப்பதே உறவுக்கு நல்லது. கல்யாண வீட்டில் கிளட்ச் பேச்சு வரக்கூடாது.

பேர் மாத்தாம கொஞ்ச நாள் ஓட்டிக்கிடலாமா? "பிறகு மாத்திக்கிடலாம்"ங்காங்க.

கூடாது. படிவம் 29, 30ல் கையெழுத்து வாங்கி, மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறாத வண்டி மோதி நஷ்டஈடு வழக்கு வந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் ஓனர் என்று உச்ச நீதிமன்றம் 2018ல் சொல்லியிருக்கிறது. விற்றவருக்குத்தான் இதில் அதிக ஆபத்து. உங்களுக்கு என்னவென்றால், இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டும் தொடரும், உங்கள் வண்டிச் சேதத்துக்குக் காசு வராது.

வாங்கும்போது எல்லாம் நல்லாருந்துச்சு. ஒரு வாரத்துல செக் இன்ஜின் லைட் எரியுது. எப்படி?

விற்பதற்கு முன்னால் ஸ்கேனரை மாட்டி அந்த எச்சரிக்கையை அழித்திருக்கலாம். அழித்தாலும் குறை அப்படியே இருக்கும், கொஞ்சம் ஓடியதும் திரும்ப எரியும். இதை முன்கூட்டியே பிடிக்க வழி உண்டு. மெக்கானிக் ஸ்கேனர் போடும்போது எரர் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், வண்டியின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் "முடியவில்லை" என்று காட்டினால் அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். "ரெண்டு நாள் நீங்களே ஓட்டுங்க, திரும்ப வந்து பார்க்கேன்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாங்கிய பிறகு தெரிந்தால், தனியாளிடம் வாங்கியதற்குக் காசைத் திருப்பி வாங்குவது கஷ்டம். அதனால் அட்வான்ஸ் கொடுக்கும்போதே கிலோமீட்டர், ஆக்சிடென்ட் இல்லை, வெள்ளத்தில் நிற்கவில்லை, கடன் பாக்கி இல்லை என்று நாலு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். சாவி கைமாறிய தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள்; அந்த நேரம் வரை விழுந்த அபராதம் அவருடையது, அதற்குப் பிறகு உங்களுடையது. எழுதித்தரத் தயங்குகிறவரிடம் அட்வான்ஸைக் கொடுக்காதீர்கள்.